சர்வேயரிடம் பொய் சொல்லலாமா?

"சர்வேயர் வர்றதுக்குள்ள பெட்டியெல்லாம் எறக்கிடுங்கண்ணே. குடும்பத்தோட கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ட்டு வந்தோம்னு எழுதிக்கலாம். யாரு கேக்கப் போறா?"

2023 நவம்பரில் ஒரு மழை நாள் சாயங்காலம். மங்கலம்பேட்டைப் பக்கம் ரோட்டோரப் பள்ளத்தில் எங்கள் பெரியப்பாவின் ஜீப் ஒருக்களித்துப் படுத்திருந்தது. சுற்றி நின்றவர்களில் ஒருவர் சொன்ன யோசனை இது. மற்ற எல்லோரும் தலையாட்டினார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. மழையில் நனைந்துகொண்டே வண்டியைத் தூக்க வந்தவர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள்.

பெட்டிக்குள் இருந்தது பீங்கான் பியூஸ் கட்டை. விருத்தாசலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: எங்கள் ஊரில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. பொம்மை, இன்சுலேட்டர், பியூஸ் கட்டை என்று சின்னச் சின்ன சூளைகளில் சுட்டு வெளியூருக்கு அனுப்புவார்கள். பெரியப்பாவுக்கு அங்கே ஒரு சின்ன யூனிட், ஊருக்கு வெளியே கொஞ்சம் முந்திரித் தோப்பு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2015 மாடல் ஃபோர் வீல் டிரைவ் ஜீப். மழைக்காலத்தில் தோப்புக்குள் செம்மண் சேறாகிவிட்டால் வேறு எந்த வண்டியும் உள்ளே போய் வெளியே வராது. அதனால்தான் அதை வாங்கினார். அன்றைக்கு அவசரமாக நாலு பெட்டியை உளுந்தூர்பேட்டையில் பார்சல் போட வேண்டியிருந்தது. ஆட்டோ பிடிக்காமல் ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டு கிளம்பினார். குறுக்கே வந்த மாட்டுக்கு ஒதுங்கியதில் வண்டி வழுக்கிவிட்டது. நல்ல வேளை, யாருக்கும் அடி இல்லை.

பெரியப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அதனால் க்ளைம் ஃபார்மை நிரப்பியது நான். அதில் ஒரு கேள்வி: விபத்து நடந்தபோது வண்டி எதற்காகப் பயன்படுத்தப்பட்டது? உண்மையைச் சொல்கிறேன், பேனாவைப் பிடித்திருந்த என் கை "கோயில்" என்று எழுதத்தான் போனது. காரணம், அதற்குள் நான் பாலிசியைப் படித்துவிட்டிருந்தேன்.

தனியார் கார் பாலிசி எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும், 'பயன்பாட்டு வரம்பு' என்று ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கு ஓட்டக்கூடாது. சொந்த லக்கேஜ் தவிர வேறு சரக்கு ஏற்றக்கூடாது. ரேஸ், வேகப் பரிசோதனை போன்றவற்றில் கலந்துகொள்ளக்கூடாது. வண்டி வியாபாரம் சம்பந்தமாகப் பயன்படுத்தக்கூடாது. நாலு பெட்டி பியூஸ் கட்டையை யாராவது சொந்த லக்கேஜ் என்று சொல்ல முடியுமா?

"பெரியப்பா, உண்மைய எழுதினா பணம் வராதாம்" என்றேன்.

"எழுதுடா. பீங்கான் பெட்டி. நாலு" என்றார்.

எழுதினேன். ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. இங்கிலீஷில், ஒரே பக்கம். பயன்பாட்டு வரம்பை மீறியதால் க்ளைம் நிராகரிக்கப்படுகிறது. ஒரு ரூபாய் கிடையாது. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அதே கடிதம் வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஏதோ நான்தான் மாட்டைக் குறுக்கே விட்டதுபோல.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். தேடியதில் கிடைத்த ஒரு விஷயத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையே.

2008இல் உச்ச நீதிமன்றத்தில் நிதின் கண்டேல்வால் என்பவருடைய வழக்கு. சொந்த உபயோகத்துக்கென்று இன்சூர் செய்த வண்டி டாக்ஸியாக ஓடிக்கொண்டிருந்தபோது பறிபோனது. வரம்பை மீறிவிட்டார், பணம் தரமாட்டோம் என்றது கம்பெனி. திருட்டுப் போன வண்டிக்கு அந்த மீறல் பெரிய விஷயமே இல்லை, மொத்தமாக மறுக்க முடியாது என்று சொன்ன நீதிமன்றம், முக்கால் பங்கு தரச் சொன்ன தீர்ப்பை உறுதி செய்தது. 2010இல் அமலேந்து சாஹூ வழக்கு. இது விபத்து. சொந்தக் காரை வாடகைக்குக் கொடுத்திருந்தபோது நடந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் வரை தோற்றுப்போய் உச்ச நீதிமன்றம் போனார். அங்கேயும் முழு மறுப்பு சரியல்ல என்றுதான் தீர்ப்பு. பயன்பாட்டு வரம்பு உள்ளிட்ட நிபந்தனை மீறல்களில், கொடுக்க வேண்டிய தொகையில் 75 சதவீதம் வரை கொடுக்கலாம் என்ற வழிகாட்டுதலை அந்தத் தீர்ப்பு எடுத்துக் காட்டுகிறது. இந்த வகையில் முடிக்கும் க்ளைமை இன்சூரன்ஸ் பாஷையில் 'நான் ஸ்டாண்டர்ட்' செட்டில்மென்ட் என்கிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். "வரை" என்றுதான் இருக்கிறது. எல்லா வழக்கிலும் முக்கால் பங்கு கட்டாயம் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை, பெர்மிட் இல்லை, குடித்திருந்தார் என்றால் கதையே வேறு. ஆனால் நாலு பெட்டி ஏற்றியதற்காக மொத்தமும் பூஜ்யம் என்பது சட்டத்தின் முடிவு இல்லை. கம்பெனியின் முதல் பதில், அவ்வளவுதான். அந்த முதல் பதிலோடு எத்தனை பேர் நின்றுவிடுகிறார்கள் என்பதில்தான் அவர்கள் கணக்கு இருக்கிறது.

பெரியப்பாவின் பேரில் ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு வழக்கின் பெயரும் வருடமும் போட்டு, கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்குப் பதிவுத் தபால். பதில் இல்லை. முப்பது நாள் கழித்து, இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு மனு போடப்போகிறோம் என்று இன்னொரு கடிதம். இரண்டாவதுக்குப் பதில் வந்தது. கோட்டை விட்டது கிடைத்தது, ஆனால் முழுசாக இல்லை.

கணக்கைச் சொல்கிறேன், உங்களுக்கும் உபயோகப்படும். ரிப்பேர் பில் 1,20,000 ரூபாய். உலோகப் பாகம் 60,000. அஞ்சு வருஷத்துக்கு மேல், பத்து வருஷத்துக்குள் இருக்கிற வண்டி என்றால் அதில் 40 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். நின்றது 36,000. ரப்பர், பிளாஸ்டிக் 20,000. வண்டி புதுசோ பழசோ, பாதிதான். 10,000. கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது. 8,000 முழுசாக. கூலி 32,000. அதுவும் முழுசாக. ஆகமொத்தம் 86,000. 1500 சி.சி.க்கு மேற்பட்ட வண்டி என்பதால் கட்டாயமாக நாம் ஏற்க வேண்டிய 2,000 போக 84,000. அதில் முக்கால் பங்கு 63,000 ரூபாய். செக் வந்தது.

"கோயில்னு எழுதியிருந்தா 84,000 வந்திருக்கும்ல?" என்று அண்ணன் இன்றைக்கும் கேட்கிறான். வந்திருக்கலாம். 21,000 ரூபாய் நஷ்டம்தான். ஆனாலும் பெரியப்பா செய்ததுதான் சரி என்று நான் சொல்லுவேன். தர்மம், நியாயம் என்பதற்காக மட்டும் இல்லை.

முதல் காரணம் எளிது. உண்மையைச் சொல்லி முக்கால் பங்குக்குச் சண்டை போடலாம். பொய்யைச் சொல்லி மாட்டினால் சண்டை போடவே இடமில்லை. இன்சூரன்ஸ் ஒப்பந்தமே முழு நம்பிக்கையின் பேரில் நிற்பது. பார்சல் ரசீது, வழியில் இருக்கிற கேமரா, தூக்க வந்தவர் செல்போனில் எடுத்த போட்டோ, இதில் ஒன்று வெளியே வந்தால் போதும். 2010 தீர்ப்பு நிபந்தனையை மீறியவருக்குக் கை கொடுக்கிறது. ஏமாற்றப் பார்த்தவருக்கு இல்லை.

இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. அன்றைக்கு ஜீப் பள்ளத்தில் இறங்கியது. எதிரே வந்த பைக் மேல் ஏறியிருந்தால்? அடிபட்டவருக்கு நஷ்டஈடு கொடுப்பதற்காகத்தான் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸை 1988 மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. பாலிசி நிபந்தனை மீறப்பட்ட பல வழக்குகளில் நீதிமன்றங்கள், "முதலில் அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு வண்டிச் சொந்தக்காரரிடம் வசூல் செய்துகொள்ளட்டும்" என்று உத்தரவிட்டிருக்கின்றன. அந்த வசூல் லட்சக்கணக்கில் வரும். தோப்பை விற்றுத்தான் கட்ட வேண்டும். ஜீப் ரிப்பேருக்காகச் சொல்லிப் பழகிய பொய், அந்த நாளில் குறுக்கு விசாரணையில் நம்மைக் காப்பாற்றாது.

மூன்றாவது காரணம், நம்முடைய பொய்யால்தான் இந்த ஏற்பாடே இப்படி நடக்கிறது. ஊரில் வெள்ளை போர்டு ஜீப்பில் முந்திரி மூட்டை போகிறது, பீங்கான் பெட்டி போகிறது, உர மூட்டை போகிறது. க்ளைம் ஃபார்மில் மட்டும் எல்லா ஜீப்பும் கோயிலுக்கே போகிறது! பிறகு கம்பெனி எப்படி நம்பும்? உண்மையான உபயோகத்துக்கு ஏற்ற பாலிசியை எப்படிக் கொண்டு வரும்?

கம்பெனி பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சரக்கு வண்டி அதிகம் ஓடும், அதிகம் அடிபடும், அதனால் பிரீமியம் அதிகம். தனியார் கார் பிரீமியம் கட்டிவிட்டு சரக்கு வண்டியாக ஓட்டினால், ஒழுங்காகக் கட்டுகிற மற்றவர்கள் பணத்தில் நாம் சவாரி செய்கிறோம் என்று அர்த்தம். அதனால் கால் பங்கு வெட்டு நியாயம்தான். தினமும் சரக்குதான் ஏற்றுவீர்கள் என்றால் சரக்கு வண்டியாகவே பதிவான இரட்டைக் கேபின் பிக்கப்பை வாங்கி, அதற்குரிய பாலிசியைப் போடுவதுதான் முறை. என் கோபம் வெட்டின் மேல் இல்லை. வெட்ட வேண்டிய இடத்தில் மொத்தமாக விழுங்கப் பார்ப்பதின் மேல்.

இன்னொரு கோபமும் உண்டு. பாலிசி விற்கும்போது "வண்டி எதுக்குங்க உபயோகப்படுத்துவீங்க?" என்று பெரியப்பாவை ஒருவரும் கேட்கவில்லை. ஆர்.சி. புக்கை போட்டோ எடுத்தார்கள், பணம் வாங்கினார்கள், பேப்பர் கொடுத்தார்கள். அஞ்சு நிமிஷம்! விற்கும்போது கேட்காத கேள்வியை விபத்துக்குப் பிறகு கேட்கிறார்கள். அதையும் அவருக்குத் தெரியாத பாஷையில்.

ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பவர்கள் மாட்டிக்கொள்கிற இடம் இது மட்டும் இல்லை. நாலு சக்கரமும் இழுக்கும் என்பதால் வண்டி எங்கே வேண்டுமானாலும் போகும் என்ற தைரியம் நமக்கு வந்துவிடுகிறது. பாலிசிக்கு அந்தத் தைரியம் கிடையாது. அதன் பார்வையில் நம் ஜீப்பும் ஒரு கார். தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜூன் 1இல் அமலுக்கு வந்த அறிவிப்பில் 1500 சி.சி.க்கு மேற்பட்ட தனியார் காருக்கு வருடத்துக்கு 7,897 ரூபாய். சி.சி.தான் கணக்கு. எத்தனை சக்கரம் இழுக்கிறது என்று எங்கேயும் கேள்வி இல்லை.

தண்ணீர் விஷயம் முக்கியம். வெள்ளத்தால் வரும் சேதத்துக்கு முழு பாலிசியில் கவர் உண்டு. ஆனால் தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து அது உள்ளே உடைந்தால், அது வெள்ளச் சேதம் இல்லை, அதற்குப் பின்னால் உங்கள் செயலால் வந்த சேதம் என்று மறுத்துவிடுவார்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் இந்தச் சண்டை நிறைய நடந்தது. எங்கள் கடலூர் மாவட்டத்துக்குப் புயலும் வெள்ளமும் புதுசில்லை, 2011 டிசம்பர் கடைசியில் வந்த தானே புயலை முந்திரிக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. எனவே தண்ணீரில் நின்றுபோனால் சாவியைத் தொடாதீர்கள். போட்டோ எடுங்கள், கம்பெனிக்குப் போன் செய்யுங்கள், கட்டி இழுத்துப் போங்கள். இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு கூடுதல் கவர் விற்கிறார்கள். தரைப்பாலம் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் அதை வாங்குவது தண்டச் செலவு இல்லை.

அடுத்தது அலங்காரம். முன்னால் இரும்பு பம்பர் கம்பி வைப்பது ஜீப்காரர்களுக்கு ஒரு கௌரவம். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அது சட்டப்பிரிவு 52க்கு எதிரானது, நடவடிக்கை எடுங்கள் என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுதிவிட்டது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டது. வண்டியை உயர்த்திக் கட்டுவது, பாடியை வெட்டுவது எல்லாம் க்ளைம் நேரத்தில் உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லும். டயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்லில் கிழிந்தது டயர் மட்டும் என்றால் சாதாரண பாலிசியில் ஒன்றும் கிடைக்காது. வண்டிக்கும் சேர்ந்து அடிபட்டிருந்தால்தான், அதுவும் பாதி.

கடைசியாக, செகண்ட் ஹேண்ட். ஜீப் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் பழசுதான் வாங்குகிறோம். ஆர்.சி. பெயர் மாற்றினால் பாலிசியும் தானாக மாறிவிடும் என்று நினைக்கிறோம். தேர்ட் பார்ட்டி கவர் மட்டும்தான் சட்டப்படி தொடரும். நம் வண்டிக்கான கவர் தொடராது. 1996 தீர்ப்பேட்டில் வந்த கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. (இன்சுலேட்டர் செய்கிற ஊர்க்காரனுக்கு அந்தப் பெயர் மறக்குமா?) கை மாறிய 14 நாளுக்குள் பாலிசியைப் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பெரியப்பா வண்டி வாங்கியபோது புரோக்கர் வற்புறுத்தி அதைச் செய்ய வைத்தார். இல்லையென்றால் 63,000 என்ன, 63 ரூபாய்கூட வந்திருக்காது.

என் கட்சி இதுதான். வண்டிக்காரர்கள் க்ளைம் ஃபார்மில் உண்மையை எழுத வேண்டும். அதைவிட முக்கியம், பாலிசி வாங்கும்போதே "நான் இதில் சரக்கும் கொஞ்சம் ஏற்றுவேன், என்ன செய்யலாம்?" என்று எழுத்தில் கேட்க வேண்டும். கம்பெனிகள் பயன்பாட்டு வரம்பைத் தமிழில், முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில் போட வேண்டும். நிராகரிப்புக் கடிதத்தில் ஏன் முக்கால் பங்குகூடக் கிடையாது என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும். சிறு விவசாயியும் சிறு தொழில்காரரும் ஒரே வண்டியைக் குடும்பத்துக்கும் தொழிலுக்கும் ஓட்டுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கொஞ்சம் கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு அதற்கு ஒரு கவர் கொடுத்தால், கோயில் கதைகளுக்கே வேலை இருக்காது.

நேரக் கணக்கும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூனில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் போட்ட சுற்றறிக்கைப்படி, க்ளைம் சொன்ன 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும். அறிக்கை வந்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். முடிவு பிடிக்கவில்லையா? முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால், ஒரு வருடத்துக்குள் சென்னையில் இருக்கிற இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு மனு போடலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பு சொல்லலாம். அல்லது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கம்பெனி எங்கே இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 சட்டம் வழி செய்திருக்கிறது.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் 'பிராது' கட்டுவது எங்கள் ஊர்ப்பக்கத்து வழக்கம். யாராவது ஏமாற்றிவிட்டால், திருடிவிட்டால், நடந்ததைத் தாளில் எழுதி அங்கே கட்டிவிட்டு வருவார்கள். அந்தத் தாளில் யாரும் பொய் எழுதுவதில்லை. எழுதினால் நம் பக்கமே திரும்பும் என்று பயம்.

கம்பெனிக்கு அந்த இரண்டாவது கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தபோது பெரியப்பா எட்டிப் பார்த்து, "இதுவும் பிராதுதானேடா?" என்றார்.

பிராதுதான். நடந்ததை நடந்தபடி எழுதியிருந்ததால் தைரியமாக அனுப்ப முடிந்தது.